சுமையைக் கீழே தள்ளினால் ஆபத்து தீராது: திருப்பூர் பனியன் தொழில் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திருப்பூர் பனியன் தொழில் உரிமையாளர்களுக்கு,



2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. இருபதே நாளில், ஆகஸ்ட் 27 அன்று, அது 50 சதவீதம் ஆனது. அதே சமயத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம். பாகிஸ்தானுக்கு 19 சதவீதம். 27-ஆம் தேதிக்கு முன்பே கப்பலில் ஏறி, செப்டம்பர் 17-க்குள் அங்கே போய்ச் சேர்ந்த சரக்கு மட்டும் கூடுதல் சுமையிலிருந்து தப்பியது. ஆர்டர் எடுத்தபோது போட்ட காஸ்டிங் ஷீட்டில் இப்படி ஓர் எண்ணே கிடையாது. நூல் வாங்கியாகிவிட்டது, துணி சாயத்துக்குப் போய்விட்டது, பாதி பீஸ் லைனில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பையரிடமிருந்து மெயில் வருகிறது. அந்த வாரங்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஒரு கையெழுத்தில் வந்த வரி இன்னொரு கையெழுத்தில் இறங்கும். மறுபடி ஏறவும் செய்யும். அதை நிறுத்தும் சக்தி உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. ஆனால் அந்த அடி விழுந்தபோது அது யார் தலையில் போய் இறங்கியது என்பது நம் கையில் இருந்த விஷயம். பையர் உங்களிடம் விலையைக் குறைக்கச் சொன்னார். உங்களில் பலர் ஜாப் ஒர்க் பட்டறைக்கு ரேட்டைக் குறைத்தீர்கள், இல்லையென்றால் பில்லைத் தள்ளிப் போட்டீர்கள். பட்டறைக்காரர் ஷிப்டைக் குறைத்தார். எங்கோ வாஷிங்டனில் போட்ட வரி, கடைசியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணின் சனிக்கிழமைச் சம்பளத்தில் போய் நின்றது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஆபத்தைக் கீழே தள்ளிவிடுவதையே ஆபத்தைச் சமாளிப்பதாக நாம் பல காலமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். தள்ளிய இடத்தில் அது தீர்ந்துபோவதில்லை. தாங்க முடியாதவர் கையில் போய்த் தங்குகிறது. அடுத்த அடி விழும்போது அங்கிருந்தே கிளம்பி உங்கள் ஷிப்மென்டை நிறுத்துகிறது. திருப்பூரின் கதையே இதற்குச் சாட்சி.

2011 ஜனவரி 28-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதியின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நாள் அது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. நிட்டிங் முடிந்த துணி லாரி லாரியாக வெளியூர்களுக்குப் போனது. ஷேடு சேரவில்லை, தேதி தவறியது, சரக்கை விமானத்தில் அனுப்பிக் கைக்காசு இழந்தவர்கள் பலர். இதைத் திடீரென்று விழுந்த இடி என்றுதான் இன்றுவரை பேசுகிறோம். ஆனால் சாயக்கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2006-இலேயே சொல்லியிருந்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதற்கும் முன்பே, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணீர் தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டுப்போயிருந்தன. ஆபத்து எழுத்தில் இருந்தது, கண்ணெதிரே இருந்தது.

ஏன் நாம் பார்க்கவில்லை? சாயக்கழிவு சாயப்பட்டறைக்காரர் பிரச்சினை என்று பனியன் கம்பெனி நினைத்தது. கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகச் சாயம் போட்டுத் தருபவரிடம் துணி போனது. அவர் அந்த ஒரு ரூபாயை ஆற்றில் தள்ளினார். ஆறு அதை விவசாயியிடம் தள்ளியது. விவசாயி நீதிமன்றத்துக்குப் போனார். தள்ளிவிட்ட சுமை ஒரு சுற்றுச் சுற்றி, ஷிப்மென்ட் தேதியன்று உங்கள் வாசலில் வந்து நின்றது. அந்த ஒரு ரூபாய் மிச்சத்துக்கு ஊர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு நீங்கள் செய்ததையும் மறக்கக் கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைத்து, சாயத்தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறையை ஊர் முழுக்கக் கொண்டுவந்தீர்கள். உலகத்தில் வேறு எந்தப் பெரிய ஆடை நகரமும் இந்த அளவில் இதைச் செய்திருப்பதாகச் சொல்வது கடினம். இன்று ஐரோப்பிய பையர் கழிவுநீர் பற்றிக் கேட்கும்போது நிமிர்ந்து பதில் சொல்ல முடிகிறது. தனித்தனியாகத் தள்ளிவிட்டபோது ஊரையே மூடிய ஒரு சுமை, சேர்ந்து சுமந்தபோது ஊரின் பலமாக மாறியது. இந்த மடலின் மீதிப் பகுதி முழுவதும் இந்த ஓர் அனுபவத்தை மற்ற ஆபத்துகளுக்கும் விரித்துப் பார்ப்பதுதான்.

நூலை எடுத்துக்கொள்வோம். 2021 தொடக்கத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 50 ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இருந்தது. 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. திருப்பூரில் இரண்டு நாள் உற்பத்தி நிறுத்தமே நடந்தது. மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியைத் தற்காலிகமாக நீக்க வேண்டிவந்தது. நீங்கள் பையரிடம் டாலரில் விலை பேசுவது மூன்று, நான்கு மாதம் முன்னால். மில் நூல் விலையை அறிவிப்பது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் லாபமும் நஷ்டமும் தீர்மானமாகின்றன. விலை ஏறியபோது நூல் கையில் இல்லாதவர் மாட்டினார். இன்னும் ஏறும் என்று பயந்து மூட்டை மூட்டையாக வாங்கி வைத்தவர், ஆண்டின் பிற்பகுதியில் விலை இறங்கியபோது மாட்டினார். இரண்டு பேரும் நூல் விலையை ஊகித்தார்கள். தொழில் நடத்தியது நடுவில் எங்கோ போய்விட்டது.

இதற்கு வழி ஊகத்தைக் கூர்மையாக்குவதில் இல்லை. ஆர்டர் உறுதியான அன்றே அந்த ஆர்டருக்கான நூலில் பெரும்பகுதியை விலை பேசி முடித்துவிடுவது ஒரு வழி. ஒரே மில்லை நம்பாமல் இரண்டு மில்களோடு தொடர் வியாபாரம் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. நூல் விலை இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் ஆடை விலையை மறுபடி பேசுவோம் என்று பையரோடு ஒரு வரி எழுதிக்கொள்வது மூன்றாவது. பெரிய பையர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். கேட்டால் எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான். கேட்காவிட்டால் ஒருவர்கூட ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

டாலருக்கும் இதே கணக்குத்தான். 2007-இல் ரூபாய் வலுத்துக்கொண்டே போனபோது, வங்கிகள் நீட்டிய சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டுப் பெரும் நஷ்டத்தில் மாட்டி, நீதிமன்றம் வரை போனவர்கள் உங்களிடையே உண்டு. அந்தப் பயத்தில் இன்றும் சிலர் டாலரைத் திறந்தே விட்டுவைக்கிறார்கள். எளிய ஃபார்வர்டு ஒப்பந்தம் வேறு, அன்று விற்கப்பட்டது வேறு. வரப்போகும் பில் தொகைக்கு மட்டும், வரப்போகும் தேதிக்கு மட்டும் விலையைப் பூட்டுவது பாதுகாப்பு. இல்லாத பில்லுக்குப் பூட்டுவது சூதாட்டம். வங்கி அதிகாரி விளக்கியும் ஓர் ஒப்பந்தம் உங்களுக்கோ உங்கள் ஆடிட்டருக்கோ புரியவில்லை என்றால், அதில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது ஒரு டி-ஷர்ட்டின் பாதையைக் கொஞ்சம் பின்தொடர்ந்து பாருங்கள். மில், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பிறகு லாரியில் தூத்துக்குடி, அங்கிருந்து சிறிய கப்பலில் கொழும்பு, கொழும்பில் பெரிய கப்பல் மாறி ஐரோப்பா அல்லது அமெரிக்கா. இத்தனை கைகளில் எந்தெந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது? ஒரே பையர், ஒரே சாயப்பட்டறை, ஒரே பிரிண்டர், ஒரே துறைமுகம், ஒரே வங்கி, எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்கும் ஒரே மெர்ச்சண்டைசர். ஆபத்து உட்கார்ந்திருப்பது அந்த ஒன்றுகளில்தான். மற்ற இடங்களில் அடி விழுந்தால் வலிக்கும். அங்கே விழுந்தால் லைன் நிற்கும்.

2023 டிசம்பர் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மாதம் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடிக்குப் போகும் சாலைகள் அறுந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே பயணிகளோடு நின்றது. அதே நாட்களில்தான் செங்கடலில் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலுக்குப் பயந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கான பயணம் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை நீண்டது. கப்பல் கூலி எகிறியது. இங்கே புறப்படும் வாசலிலும் அங்கே கடக்கும் வாசலிலும் ஒரே வாரத்தில் தடை. இரண்டு தடைகளுக்கும் ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆபத்துகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. ஒரு தாமதத்துக்கு மட்டும் இடம் விட்டுப் போட்ட அட்டவணை, இரண்டு தாமதம் சேர்ந்தால் விமானச் சரக்குக் கட்டணத்தில்தான் போய் முடியும்.

நீங்கள் நேரில் பார்க்காத ஆபத்தும் உண்டு. 2019 மார்ச் 21 அன்று சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் சியாங்சுயி என்ற ஊரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை வெடித்தது. 78 பேர் இறந்தார்கள். அந்த ஆலையின் பெயரைத் திருப்பூரில் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாயம் தயாரிக்கத் தேவையான இடைப்பொருள்கள் அந்த வட்டாரத்து ஆலைகளில் செய்யப்பட்டன. வெடிப்புக்குப் பின் அங்கே ஆலைகள் மூடப்பட்டதும், உலகச் சந்தையில் சில சாயங்களின் விலை ஏறியது. உங்களுக்குச் சாயப்பட்டறையைத் தெரியும். பட்டறைக்குச் சாயம் விற்கும் வியாபாரியைக்கூடத் தெரிந்திருக்கலாம். அவருக்குச் சரக்கு கொடுக்கும் ஆலைக்கு மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? எலாஸ்டிக், ஸ்பான்டெக்ஸ், லேபிள், நிட்டிங் ஊசி, மெஷின் உதிரிப்பாகம் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். எல்லாப் பதிலும் கிடைத்துவிடாது. மூன்று வேறு கடைகளில் வாங்கும் பொருள் மூன்றும் ஒரே ஆலையிலிருந்து வருகிறது என்ற ஓர் உண்மை தெரியவந்தால்கூட அந்தக் கேள்விக்குப் பலன் கிடைத்துவிட்டது.

இங்கே ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1997 பிப்ரவரி 1-ஆம் தேதி, கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீயில் எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பொருத்தும் ஒரு சின்ன வால்வு அங்கேதான் செய்யப்பட்டது. டொயோட்டாவுக்குத் தேவையான வால்வுகளில் ஏறத்தாழ எல்லாமே அந்த ஓர் ஆலையிலிருந்து வந்தவை. கையிருப்பு வைக்காமல் அன்றன்றைக்கு வரவழைக்கும் முறைக்கு உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அது. கையில் இருந்த சரக்கு மிகக் குறைவு. சில நாட்களில் ஜப்பானில் உள்ள அதன் ஆலைகள் பெரும்பாலும் நின்றன. பல மாதம் ஆகும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் கார்கள் மறுபடி ஓடிவரத் தொடங்கின.

எப்படி? 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஐசினின் வரைபடத்தை வாங்கி, தங்களிடம் இருந்த மெஷின்களில் அந்த வால்வைச் செய்து கொடுத்தன. அவற்றில் ஒன்று பிரதர். உங்கள் லைனில் ஓடும் தையல் மெஷின்களில் பெயர் பார்த்திருப்பீர்களே, அதே பிரதர். கார் உதிரிப்பாகமே செய்தறியாத அந்த நிறுவனம், தன் மெஷினை மாற்றியமைத்து வால்வு செய்தது. யாரும் முதலில் விலை பேசவில்லை, ஒப்பந்தம் எழுதவில்லை. வேலை முடிந்தபின் டொயோட்டா அவர்களுக்கு ஈடு செய்தது. பல வருட நெருக்கத்தில் சேர்ந்த நம்பிக்கை, அந்த ஒரு வாரத்தில் வேலை செய்தது. ஒவ்வொரு பில்லிலும் பத்து பைசா பிடித்து, ஒவ்வொரு பணத்தையும் மூன்று மாதம் இழுத்திருந்தால், ஆலை எரிந்த அன்று எவர் வந்திருப்பார்?

டொயோட்டா அதோடு நிற்கவில்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பின், தனக்கு நேரடியாகச் சரக்கு கொடுப்பவர்களை மட்டுமல்லாமல், அவர்களுக்குக் கொடுப்பவர்களையும் அதற்கும் கீழே உள்ளவர்களையும் பதிவுசெய்து வைத்தது. எந்தப் பாகம் நின்றால் மாற்று கிடைக்க அதிக காலம் ஆகுமோ, அதை மட்டும் தனியே பிரித்தது. கையிருப்பே வீண் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம், கணினிச் சில்லுகளை மட்டும் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரைக்கும் கையிருப்பில் வைக்கும்படி தன் சப்ளையர்களிடம் சொன்னது. 2021-இல் சில்லுத் தட்டுப்பாடு வந்து மற்ற கார் நிறுவனங்கள் திணறியபோது, டொயோட்டா முதல் சில மாதங்களை மற்றவர்களைவிட நன்றாகவே கடந்தது. எல்லாவற்றையும் சேமித்து வைப்பது பணத்தை முடக்கும். எதையும் வைக்காமல் இருப்பது தொழிலை முடக்கும். எது இல்லாமல் லைன் நிற்கும் என்று தெரிந்து அதை மட்டும் வைப்பதுதான் நிர்வாகம்.

திருப்பூரில் உங்களுக்குப் பெரிய வசதி ஒன்று உண்டு. எல்லாக் கைகளும் ஒரே ஊரில், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக இருக்கின்றன. ஒரு பட்டறையில் காம்பாக்டிங் மெஷின் நின்றால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று ஓடுகிறது. அவசரத்துக்கு அந்த மெஷின் உங்களுக்குக் கிடைக்குமா என்பது, நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டிய பழைய பாக்கியைப் பொறுத்தது.

அதனால்தான் பில் பணத்தைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டமும், அந்தக் காலக்கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுத்த பிறகுதான் செலவாகக் காட்ட விடும். இதிலிருந்து தப்ப வழி தேடுபவர்கள் உண்டு என்பதும் உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து தேடாதீர்கள். பட்டறைக்காரர் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போடும்போது, அந்த வட்டி உங்கள் சரக்கின் தரத்தில் வந்து விழுகிறது: மலிவான சாயம், அவசரச் செக்கிங், பாதியில் வேலையை விட்டுப் போகும் டைலர். டிரெட்ஸ் தளத்தில் பில்லை ஏற்றினால், நீங்கள் பிறகு கட்டும் பணத்தை வங்கி அவருக்கு முன்னதாகவே கொடுத்துவிடும். வசதி இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் பட்டறைக்காரரை அலையவிடுவது நியாயமில்லை.

தொழிலாளர் விஷயமும் இதே ரகம்தான். 2020 ஊரடங்கில் ஊருக்குப் போன வடமாநிலத் தொழிலாளர்களைத் திரும்ப அழைத்துவர எவ்வளவு பாடுபட்டீர்கள்! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, ரயில் நிலையத்தில் கூட்டம் கூடியது. ஒரு வதந்தி லைனை நிறுத்த முடிந்ததே, ஏன்? இந்த ஊர் தங்களைக் காக்கும் என்ற உறுதி அவர்களுக்கு இல்லாததால். தங்கும் இடம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., அவர்கள் மொழியில் பேச ஓர் ஆள், பிள்ளைகளுக்குப் பள்ளி: இவற்றைத் தர்மம் என்று எண்ணினாலும் சரி, தொழில் பாதுகாப்பு என்று எண்ணினாலும் சரி, செய்யுங்கள்.

பையர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பையர் ஆபத்தை எப்படிச் சமாளிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? சீனாவில் கொஞ்சம், வியட்நாமில் கொஞ்சம், வங்கதேசத்தில் கொஞ்சம், உங்களிடம் கொஞ்சம். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்து ஆலைகள் நின்றபோது, அவருடைய ஆட்கள் திருப்பூருக்குப் போன் போட்டார்கள். அடுத்த ஆகஸ்டில் இங்கே வரி ஏறியதும் வேறு ஊருக்குப் போன் போட்டார்கள். அவர் கணக்கில் நீங்கள் பலரில் ஒருவர். உங்கள் கணக்கில் அவர் ஒருவரே பாதி. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும் வரை பேரம் அவர் பக்கமே சாயும். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. ஊர் மொத்தத்துக்கு அது தாங்கக்கூடிய பங்கு. ஆனால் சில கம்பெனிகளுக்கு அது நூற்றுக்கு நூறு. நஷ்டம் ஊர்ச் சராசரிக்கு வருவதில்லை, அந்தக் கம்பெனிக்கு வருகிறது. பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தோடும் ஆஸ்திரேலியாவோடும் 2022-இலேயே ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. புதிய சந்தையில் முதல் இரண்டு வருடம் லாபம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவை இன்ஷூரன்ஸ் பிரீமியமாக எண்ணிக்கொள்ளுங்கள். பருத்தியோடு நின்றுவிடாதீர்கள் என்றும் சொல்வேன். உலகம் உபயோகிக்கும் இழையில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர். விளையாட்டு உடைக்கும் குளிர்கால உடைக்கும் கைவைக்காத கம்பெனிக்குச் சீசனும் ஓர் ஆபத்துதான்.

பெரிய பெயர் என்பதும் பாதுகாப்பல்ல. 2018-இல் சியர்ஸ் திவாலானது. 2020-இல் ஜேசி பென்னியும் பிரிட்டனின் டெபன்ஹாம்ஸும் விழுந்தன. நூறு வருடத்துக்கும் மேலான கடைகள். அவர்களுக்குச் சரக்கு அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். மத்திய அரசின் இசிஜிசி நிறுவனம் 1957-இலிருந்து இதற்காகவே இருக்கிறது. பையர் திவாலானால், பணம் தராமல் இழுத்தடித்தால், அவர் நாட்டில் போரோ இறக்குமதித் தடையோ வந்தால் அது ஈடு தரும். தரத்தில் தகராறு என்று பையர் சரக்கைத் தள்ளிவிட்டால் தராது. வரி ஏறியதால் வந்த நஷ்டத்துக்கும் தராது. எதற்கு ஈடு உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பாலிசி எடுக்கும் அன்றே படித்துவிடுங்கள். தீ இன்ஷூரன்ஸும் அப்படியே. கட்டடத்துக்கும் மெஷினுக்கும் எடுத்துவிட்டு, ஜாப் ஒர்க்குக்குப் போய் வேறொருவர் கூரையின்கீழ் கிடக்கும் உங்கள் துணியை மறந்துவிடுகிறீர்கள். அந்தத் துணி எரிந்தால் யார் கணக்கு என்று இன்றே அந்தப் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தான் முடியும், இருபது மெஷின் வைத்திருப்பவருக்கு எப்படி என்று கேட்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் பக்கத்தில், எது நின்றால் உங்கள் லைன் எத்தனை நாளில் நிற்கும் என்று எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொன்றுக்கும் மாற்று யார், அவர் போன் எண் என்ன, அவரோடு கடைசியாக எப்போது வேலை செய்தீர்கள் என்று எழுதுங்கள். மாற்றுச் சாயப்பட்டறை பெயரளவில் இருந்தால் போதாது; வருடத்துக்கு இரண்டு சின்ன லாட்டாவது அங்கே போக வேண்டும், உங்கள் லேப் டிப் அவரிடமும் இருக்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில், ஒரே பையர், ஒரே நாடு உங்கள் வியாபாரத்தில் எத்தனை சதவீதம் என்று மாதாமாதம் எழுதுங்கள். நான்காம் பக்கத்தில், பணம் வராமல் எத்தனை வாரம் சம்பளம் போட முடியும் என்று எழுதுங்கள். இந்த நான்கு பக்கமும் முதலாளியின் மூளையில் மட்டும் இருந்தால் அதுவே இன்னோர் ஆபத்து. மகனுக்கோ மகளுக்கோ மேனேஜருக்கோ தெரிந்திருக்கட்டும்.

சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நூல் விலைக்காகவும் வரிக்காகவும் டெல்லிக்கு மனு எடுத்துப் போகிறீர்கள்; அது வேண்டியதுதான். அதோடு, ஊருக்குள்ளேயே செய்ய முடிந்தவை பல இருக்கின்றன. எந்தப் பட்டறையில் எந்த மெஷின் இன்று காலியாக இருக்கிறது என்ற பொதுப் பட்டியல் ஒன்று. சிறு கம்பெனிகள் சேர்ந்து நூலும் ட்ரிம்ஸும் வாங்க ஒரு கூட்டு ஏற்பாடு. பணம் தராமல் ஏமாற்றிய பையர்களையும் பையிங் ஏஜென்டுகளையும் உறுப்பினர்களுக்குள் எச்சரிக்கும் பதிவு. அவசர காலத்தில் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்குச் சம்பளம் போட உதவும் ஒரு நிதி. இவற்றில் எதற்கும் அரசாணை தேவையில்லை. சாயக்கழிவுக்காக ஒன்று சேர்ந்த ஊருக்கு இது முடியாத காரியமும் இல்லை.

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் உங்கள் ஊரிலிருந்து போகிறது. ஆண்டுக்கு 40 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். லட்சக்கணக்கான குடும்பங்கள் சனிக்கிழமைதோறும் அதில் சாப்பிடுகின்றன. அடுத்த அடி எந்தத் திசையிலிருந்து வரும் என்று எவராலும் சொல்ல முடியாது; வரும் என்பது மட்டும் உறுதி. அன்று அதை வழக்கம்போல் கீழே தள்ளினால் கீழே தாங்க ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் இந்த வாரமே இரண்டு காரியம் செய்யுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தை எழுதுங்கள். உங்களுக்கு வேலை செய்யும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் மிகச் சிறியதற்கு உள்ள பாக்கியை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.

அன்புடனும் அக்கறையுடனும்,
உங்கள் தொழிலை அருகிலிருந்து பார்த்துவரும் ஒருவன்